டோபாரும் டிரெய்லர் ஒயரிங்கும்: வாசகர் கேள்விகளுக்கு விடைகள்

கேள்வி (ஹாரோ வாசகர்): குடும்ப விழாக்களுக்கும் கோயில் அன்னதானத்துக்கும் பெரிய பாத்திரங்கள், மடக்கு மேசைகள், நாற்காலிகள் ஆகியவற்றை எடுத்துச் செல்ல ஒரு சிறிய டிரெய்லர் வாங்க எண்ணியிருக்கிறேன். என் கார் ஆறு ஆண்டு பழையது. டிரெய்லரை இழுக்கக் காரின் பின்னால் மாட்டும் டோபாரைப் பொருத்துவது பற்றி இரண்டு கராஜ்களில் விசாரித்தேன். ஒருவர், பின்விளக்கு ஒயர்களிலிருந்தே இணைப்பு எடுத்துக் குறைந்த செலவில் முடித்துவிடலாம் என்கிறார். மற்றவர், இந்தக் காருக்கென்றே தயாரிக்கப்பட்ட ஒயரிங் கிட்டைப் போட்டுக் கணினியில் கோடிங் செய்ய (டிரெய்லர் வசதியைக் காரின் கணினியில் பதிவுசெய்ய) வேண்டும் என்கிறார். அதற்கு ஏறத்தாழ இரு மடங்கு செலவாகும். எதை நம்புவது?

விடை: இரண்டாமவர் சொல்வதே சரி. ஆனால் ஒயரிங்கைப் பற்றி முடிவெடுக்கும் முன், உங்கள் கார் எவ்வளவு எடையை இழுக்கலாம் என்பதை நீங்களே பார்த்துவிடுங்கள். காரின் கதவுத் தூணிலோ பானெட்டின் உள்ளேயோ உற்பத்தியாளரின் தகடு ஒன்று இருக்கும். அதில் வழக்கமாக நான்கு எடைகள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காணப்படும். முதலாவது, முழுச் சுமையுடன் காருக்கு அனுமதிக்கப்பட்ட எடை. இரண்டாவது, காரும் டிரெய்லரும் சேர்ந்து இருக்கக்கூடிய உச்ச எடை. மற்ற இரண்டும் முன், பின் அச்சுகளுக்கு உரியவை. இரண்டாவது எண் இல்லாமலோ முதலாவதற்குச் சமமாகவோ இருந்தால், அந்தக் காருக்கு டிரெய்லர் இழுக்கும் அனுமதி இல்லை என்று எடுத்துக்கொண்டு உற்பத்தியாளரிடம் கேட்டுத் தெளிவுபெறுவதே முறை. மின்சாரக் கார்களிலும் ஹைபிரிட் கார்களிலும் இந்தச் சோதனை இன்னும் முக்கியமானது. அவற்றுள் சில எதையும் இழுக்க அனுமதி பெறாதவை; வேறு சிலவற்றில் சைக்கிள் தாங்கி மாட்டுவதற்கு மட்டும் டோபார் பொருத்த இடம் தரப்பட்டிருக்கும்.

நீங்கள் வாங்க நினைக்கும் சிறிய டிரெய்லரில் பெரும்பாலும் பிரேக் இருக்காது. பிரிட்டனில் பிரேக் இல்லாத டிரெய்லரின் எடை, சுமையையும் சேர்த்து, 750 கிலோவைத் தாண்டக்கூடாது. இழுக்கும் காரின் வெற்று எடையில் பாதியையும் தாண்டக்கூடாது. இவ்விரண்டில் எது குறைவோ அதுவே உங்களுக்குரிய வரம்பு. 1,300 கிலோ எடையுள்ள காரென்றால் 650 கிலோ மட்டுமே. உற்பத்தியாளர் அதைவிடக் குறைவாகச் சொல்லியிருந்தால் அந்த எண்ணையே பின்பற்ற வேண்டும்.

டோபாரிலும் ஒரு தகடு உண்டு. 1998 ஆகஸ்ட் 1 முதல் பதிவான, ஐரோப்பிய வகை அங்கீகாரம் (ஒரு மாடல் முழுவதற்கும் தரப்படும் ஒப்புதல்) பெற்ற கார்களுக்கு, அந்த மாடலுக்கென அங்கீகரிக்கப்பட்ட டோபாரையே பொருத்த வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். தகட்டில் அங்கீகார எண்ணுடன் இரண்டு மதிப்புகள் இருக்கும். ஒன்று, டிரெய்லர் மாட்டப்படும் உருண்டையான பந்தின்மேல் கீழ்நோக்கி அழுத்தும் சுமைக்கான வரம்பு; 75 கிலோ, 100 கிலோ போன்ற எண்களைப் பல டோபார்களில் காணலாம். மற்றது டி மதிப்பு. முன்னும் பின்னுமாக இழுபடும் விசையை டோபார் எவ்வளவு தாங்கும் என்பதைக் கிலோநியூட்டனில் சொல்வது. கார், டிரெய்லர் ஆகிய இரண்டின் உச்ச எடைகளையும் டன்னில் எடுத்துப் பெருக்கி, அதை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, 9.81 ஆல் பெருக்கினால் உங்களுக்குத் தேவையான மதிப்பு கிடைக்கும். 1.9 டன் காருக்கும் 1.2 டன் டிரெய்லருக்கும் அது ஏறத்தாழ 7.2 கிலோநியூட்டன், தகட்டில் அதற்குக் குறையாத எண் இருக்க வேண்டும்.

இனி ஒயரிங்குக்கு வருவோம். பின்விளக்கு ஒயரை வெட்டி டிரெய்லருக்கும் ஓர் இணைப்புக் கொடுக்கும் முறை, விளக்குக்கும் சுவிட்சுக்கும் இடையே ஒரு பியூஸும் ஒயரும் மட்டுமே இருந்த காலத்துக்கு உரியது. அந்தக் காலக் கார்களில் அது பழுதின்றி வேலை செய்தது. இன்றைய காரில் ஒவ்வொரு விளக்குக்கும் மின்சாரத்தை ஒரு கட்டுப்பாட்டு மாட்யூல் அளந்து தருகிறது. பல்பு போய்விட்டதா என்பதையும் அதுவே கண்காணிக்கிறது. அந்த ஒயரில் டிரெய்லரின் பல்பையும் தொங்கவிட்டால் மின்னோட்டம் இரு மடங்காகிறது; மாட்யூல் அதைக் கோளாறு என்று கருதி விளக்கையே அணைத்துவிடலாம், சில வேளை தானே பழுதாகவும் செய்யலாம். ஒரே பல்பை மங்கலாக எரியவிட்டுப் பின்விளக்காகவும், பிரகாசமாக எரியவிட்டுப் பிரேக் விளக்காகவும் பயன்படுத்தும் கார்கள் பல உள்ளன. அவற்றில் மங்கலான ஒளி, மின்சாரத்தை நொடிக்குப் பல முறை விட்டுவிட்டுத் தருவதால் உண்டாவது; அத்தகைய ஒயரிலிருந்து டிரெய்லருக்கு இணைப்பு எடுத்தால் எந்த விளக்கு எப்போது எரியும் என்று சொல்ல இயலாது.

இதற்கு இடைப்பட்ட வழியாக பைபாஸ் ரிலே என்னும் பெட்டி உள்ளது. காரின் விளக்கு ஒயர்களிலிருந்து மிகச் சிறிய மின்னோட்டத்தை மட்டும் அடையாளமாக எடுத்துக்கொண்டு, டிரெய்லர் விளக்குகளுக்கு வேண்டிய மின்சாரத்தை பாட்டரியிலிருந்து தனிப் பியூஸ் வழியாக அது தருகிறது. முதலாமவர் இதைத்தான் போடுவதாகச் சொல்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். பழைய, எளிய கார்களுக்கு இது போதும். ஆனால் இதைப் போட்டாலும், பின்னால் ஒரு டிரெய்லர் இருக்கிறது என்பது காருக்குத் தெரியாது.

காருக்கென்றே தயாரிக்கப்பட்ட கிட்டின் பெரும் பயன் இதுவே. அதன் மாட்யூல் காரின் தகவல் வலையமைப்பில் இணைந்து, பிளக் மாட்டப்பட்டவுடன் அதைக் காருக்கு அறிவிக்கிறது. பின்பக்கப் பார்க்கிங் சென்சார்கள் டிரெய்லரையே தடையாகக் கருதி ஓயாமல் ஒலிப்பது நிற்கிறது. பனிமூட்ட விளக்கின் ஒளி டிரெய்லரின் முன்பலகையில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்யாமலிருக்க, காரில் அது அணைந்து டிரெய்லரில் மட்டும் எரிகிறது. டிரெய்லரின் இண்டிகேட்டர் வேலை செய்கிறதா என்பதை ஓட்டுநருக்கு ஒலியாலோ விளக்காலோ தெரிவிக்கும் ஏற்பாடு சட்டப்படி தேவை. அதுவும் இதனுடன் வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, டிரெய்லர் இடவலமாக ஆடத் தொடங்கினால் அதை உணர்ந்து, சக்கரங்களைத் தனித்தனியே பிரேக் பிடித்து அடக்கும் நிலைப்பாட்டு வசதி உங்கள் காரில் இருக்குமாயின், கோடிங் செய்த பிறகே அது உயிர்பெறும். குடும்பத்துடன் மோட்டர்வேயில் செல்பவர் இந்த ஒரு காரணத்துக்காகவே கூடுதல் செலவைச் செய்யலாம் என்பது என் உறுதியான கருத்து.

சில மாடல்களுக்கு டோபாருடன் வலுக்கூட்டிய குளிர்விப்பு விசிறியையும் உற்பத்தியாளர் கேட்பதுண்டு, கராஜில் விசாரியுங்கள். வேலை முடிந்ததும் காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவிக்க மறவாதீர்கள்.

கேள்வி (குரோய்டன் வாசகி): நான் 2005இல் ஓட்டுநர் தேர்வில் தேறினேன். டிரெய்லர் இழுக்கத் தனித் தேர்வு எழுத வேண்டும் என்று என் அண்ணா சொல்கிறார். உண்மையா?

விடை: உங்கள் அண்ணா சொல்வது முன்பிருந்த விதி. 1997 ஜனவரி 1 முதல் தேர்வில் தேறியவர்கள் பெரிய டிரெய்லர்களை இழுக்கத் தனித் தேர்வு தேவைப்பட்டது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகியவற்றில் 2021 டிசம்பர் 16 முதல் அந்தத் தேர்வு நீக்கப்பட்டுவிட்டது. சாதாரணக் கார் உரிமத்துடனேயே 3,500 கிலோ வரை உச்ச எடை குறிக்கப்பட்ட டிரெய்லரை இழுக்கலாம். காரின் தகட்டில் உள்ள வரம்பு இதனால் கூடிவிடாது. டிரெய்லருடன் செல்லும்போது வேக வரம்பு நடுத்தடுப்பு இல்லாத ஒற்றைச் சாலையில் மணிக்கு 50 மைல், இரட்டைச் சாலையிலும் மோட்டர்வேயிலும் 60 மைல். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தடங்கள் கொண்ட மோட்டர்வேயில் வலது ஓரத் தடத்துக்குப் போகக்கூடாது. காரின் பதிவெண்ணே டிரெய்லரின் பின்புறத்திலும் மஞ்சள் தகட்டில் இருக்க வேண்டும்.

கேள்வி (பர்மிங்காம் வாசகர்): ஸ்பானர் வேலை எனக்குப் பழக்கமானது. டோபாரை நானே பொருத்தலாமா?

விடை: பொருத்தலாம்; அதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. பின் பம்பரைக் கழற்றி, உள்ளேயிருக்கும் குறுக்கு உத்தரத்தை எடுத்துவிட்டு, சேசியில் (காரின் அடிச்சட்டத்தில்) உற்பத்தியாளர் ஏற்கெனவே விட்டுவைத்துள்ள துளைகளில் டோபாரைப் பூட்டுவதே பெரும்பாலான மாடல்களுக்குரிய முறை. பம்பரின் அடியில் சிறிது வெட்ட வேண்டியிருந்தால் கிட்டுடன் வரும் அளவுத்தாளை ஒட்டி, இருமுறை அளந்த பின்னரே வெட்டுங்கள். போல்ட்டுகளைக் கைவலுவை நம்பி முறுக்காமல், குறிப்பேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். கிட்டுடன் வந்த போல்ட்டுகளை மட்டுமே பயன்படுத்துங்கள்; அவற்றின் வலிமைத் தரம் கணக்கிட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டது. சேசியைத் தொடும் இடங்களில் உள்ள தார்ப் பூச்சைச் சுரண்டி எடுக்காவிட்டால், நாளடைவில் அது நசுங்கி போல்ட் தளர்ந்துவிடும். வெற்று உலோகம் தெரியும் இடங்களில், குறிப்பாகப் புதிதாகத் துளையிட்ட விளிம்புகளில், துருத்தடுப்பு மெழுகு பூசுங்கள். இந்நாட்டுக் குளிர்காலச் சாலைகளில் தூவப்படும் உப்பு அங்கேதான் முதலில் வேலையைத் தொடங்கும். சில நூறு மைல் ஓடிய பின் எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடியும் டார்க் ரெஞ்சால் சோதியுங்கள்.

பந்தின் மையம், கார் முழுச் சுமையுடன் நிற்கையில், தரையிலிருந்து 350 முதல் 420 மில்லிமீட்டர் உயரத்துக்குள் இருக்க வேண்டும். டிரெய்லர் பூட்டாதபோது பந்து பதிவெண் தகட்டை மறைக்குமானால் கழற்றக்கூடிய வகையை வாங்கி, பயன்படுத்தாதபோது கழற்றி வையுங்கள். பிரேக் உள்ள டிரெய்லர் பிரிந்து ஓடினால் அதன் பிரேக்கை இழுத்துவிடும் மெல்லிய கம்பிவடத்தை மாட்ட டோபாரில் தனி வளையம் உண்டா என்றும் வாங்கும்போதே பாருங்கள். ஆடுவதைக் குறைக்கும் உராய்வுக் கப்ளிங் (பந்தைப் பற்றிக்கொள்ளும் பகுதி) உள்ள கேரவனை இழுப்பதாக இருந்தால் பந்தில் கிரீஸ் படவே கூடாது. அதன் மேல் உள்ள பெயின்டையும் தேய்த்து எடுத்துவிட வேண்டும்.

ஒயரிங்கை மட்டும், கோடிங் கருவி உங்களிடம் இல்லையெனில், அந்த வேலை தெரிந்தவரிடம் விடுங்கள். அதை நீங்களே செய்வதானால் பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். பம்பருக்குள் செல்லும் ஒயர் புகைக்குழாயின் அருகே போகாதவாறு கட்டுங்கள்.

கேள்வி (லெஸ்டர் வாசகர்): பழைய கேரவன் ஒன்றை வாங்கினேன். அதன் பிளக்கில் 13 பின்கள். என் காரின் சாக்கெட்டில் 7 மட்டுமே. அடாப்டர் போட்டால் விளக்குகள் எரிகின்றன, ஆனால் ஃபிரிட்ஜ் வேலை செய்யவில்லை.

விடை: செய்யாது. 7 பின் சாக்கெட் இண்டிகேட்டர்கள், பின்விளக்குகள், பிரேக் விளக்கு, பனிமூட்ட விளக்கு, எர்த் (மின்சாரம் திரும்பிச் செல்லும் இணைப்பு) ஆகியவற்றுக்கு மட்டுமே உரியது. முன்பு கேரவனின் உள் வசதிகளுக்கென்று பக்கத்திலேயே இரண்டாவது 7 பின் சாக்கெட் ஒன்றும் இருந்தது. 2008 செப்டம்பருக்குப் பின் பிரிட்டனில் தயாரான கேரவன்களில் இவை இரண்டையும் சேர்த்த 13 பின் பிளக்கே வருகிறது. அதில் 8ஆம் பின் ரிவர்ஸ் விளக்குக்கு. 9ஆவது எப்போதும் 12 வோல்ட் தருவது, அதற்குரிய எர்த் 13ஆவது. 10ஆவது எஞ்சின் ஓடும்போது மட்டும் மின்சாரம் தந்து ஃபிரிட்ஜை இயக்குவது, அதன் எர்த் 11ஆவது. உங்கள் அடாப்டரில் இந்தப் பின்களுக்கு எந்த இணைப்பும் இல்லை. காரின் சாக்கெட்டை 13 பின்னாக மாற்றி, ஃபிரிட்ஜுக்கும் பாட்டரிக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் இழுப்பதே தீர்வு. ஃபிரிட்ஜ் 10 ஆம்பியர் வரை இழுக்கும். மெல்லிய ஒயரில் வோல்ட் வழியிலேயே குறைந்துவிடும்.

உங்கள் கார் புதியதாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக இன்றைய ஆல்டர்னேட்டர்கள் (எஞ்சினால் சுழன்று மின்சாரம் தருபவை) தேவைக்கேற்ப வோல்டைக் கூட்டியும் குறைத்தும் தருகின்றன. வோல்ட் கூடியதைக் கண்டு எஞ்சின் ஓடுகிறது என்று முடிவுசெய்யும் பழைய வகை ரிலே (ஃபிரிட்ஜுக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்), இத்தகைய காரில் ஓடும் வழியிலேயே ஃபிரிட்ஜை நிறுத்திவிடும். இக்னிஷன் அடையாளத்தைக் கொண்டு இயங்கும் ரிலேயையே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (லூட்டன் வாசகி): இடது இண்டிகேட்டர் போட்டால் டிரெய்லரின் பின்விளக்குகளும் சேர்ந்து மினுக்குகின்றன. பல்புகளை மாற்றிப் பார்த்தும் பயனில்லை.

விடை: எர்த் சரியில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. திரும்பிச் செல்ல நேர்வழி கிடைக்காத மின்சாரம் மற்றப் பல்புகளின் வழியே புகுந்து போகிறது. முதலில் பிளக்கைத் திறந்து 3ஆம் பின்னில் உள்ள வெள்ளை ஒயரைப் பாருங்கள். பச்சைப் பாசிபோல் படிந்திருந்தால் அரிப்பு ஏற்பட்டிருக்கிறது. வெட்டிப் புதிதாக முனை எடுத்துப் பூட்டுங்கள். அது நன்றாக இருந்தால் டிரெய்லரின் விளக்குக் கூடுகளுக்குள் உள்ள எர்த் இணைப்புகளைச் சோதியுங்கள். கைமாறி வந்த டிரெய்லராக இருந்தால் ஒயரின் நிறத்தை நம்பாமல், சோதனை விளக்கை வைத்து ஒவ்வொரு பின்னாகப் பாருங்கள். இடது இண்டிகேட்டருக்கு மஞ்சள், வலதுக்குப் பச்சை, பிரேக்குக்குச் சிவப்பு, இடது பின்விளக்குக்குக் கறுப்பு, வலதுக்குப் பழுப்பு, பனிமூட்ட விளக்குக்கு நீலம் என்பது முறையென்றாலும், கைக்குக் கிடைத்த ஒயரை இணைத்திருப்பவர்கள் உண்டு.

13 பின் பிளக் வைத்திருப்பவர்கள் அதைச் செருகிய பின் திருகிப் பூட்டவேண்டும். கழற்றும்போதும் திருப்பிவிட்டே இழுக்கவேண்டும். அடாப்டரைச் சாக்கெட்டிலேயே விட்டுவைத்தால் மூடி மூடாது, மழைநீர் உள்ளே இறங்கும். கார் சாலைக்குத் தகுந்ததா என்று ஆண்டுதோறும் பார்க்கும் எம்.ஓ.டி சோதனையில் 13 பின் சாக்கெட்டின் மின் இணைப்புகளையும் பார்க்கிறார்கள். எனவே அதைக் காய்ந்த நிலையில் வைத்திருப்பது அந்த வகையிலும் நல்லது.