தீயை ஏன் உயிர் என்று சொல்வதில்லை?

தீ வளர்கிறது, பரவுகிறது, ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. பிறகு ஏன் அது உயிர் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. ஓரிரு பண்புகளை மட்டும் வைத்து உயிரை அடையாளம் காண முடியாது. தீக்குச் செல் இல்லை, டிஎன்ஏ இல்லை, தன் உள்நிலையைச் சீராக வைத்துக்கொள்ளும் திறனும் இல்லை.

இதற்கு நேர்மாறாக, உயிரற்றதுபோல் தோன்றினாலும் உயிருள்ள ஒன்றைப் பார்ப்போம்: பெசன்ட் நகர் கடற்கரை மணலுக்குள் புதைந்திருக்கும் பங்குனி ஆமை என்ற கடலாமையின் முட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பார்வைக்கு வெள்ளைப் பந்து, அசைவே இல்லை. உள்ளே செல்கள் பிரிந்தபடி இருக்கின்றன. ஓட்டின் நுண்துளைகள் வழியே காற்று போய்வருகிறது. மணல் கூடுதலாகச் சூடேறினால் பெண், குறைந்தால் ஆண். ஏறத்தாழ 50 நாட்களில் வெளிவரும் குஞ்சு வெளிச்சம் தெரியும் பக்கம் நகரும். கரையோர விளக்குகள் அதைச் சாலைக்கு இழுத்துவிடும் என்பதால், குஞ்சுகள் வெளிவரும் மாதங்களில் தயவுசெய்து அவற்றை அணைத்து வையுங்கள்.

உயிரின வகைப்பாட்டில் இந்த ஆமை விலங்குலகம், முதுகுநாணிகள், ஊர்வன என்று படிப்படியாகக் குறுகி, லெப்பிடோகெலிஸ் ஒலிவேசியா என்ற இரட்டைப் பெயரில் முடிகிறது. முன்பாதி பேரினம், பின்பாதி சிற்றினம். விலங்குகள் அனைத்துக்கும் இம்முறையை 1758-இல் கொண்டுவந்தவர் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ். கடலில் நீந்தினாலும் ஆமை மீன் அல்ல: அது நுரையீரலால் சுவாசிக்கிறது, கரையேறி முட்டையிடுகிறது.