ஐஸ் கட்டி போட்டால் ஆப்பிள் பூக்குமா?

தோட்டம்: கேள்வி - பதில்

மாடித்தோட்டத்தில் மூன்று வருட ஆப்பிள் செடி நிற்கிறது. கிளை நுனியில் மட்டும் நாலு இலை, கீழே குச்சியாகக் கிடக்கிறது. மார்கழியில் தினமும் தொட்டியில் ஐஸ் கட்டி போட்டால் பூக்கும் என்கிறார்களே?
- வாசகி, திருச்சி

ஐஸைச் சர்பத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பிள் போன்ற மரங்களின் மொட்டு உறங்கிக் கிடக்கும், போதிய குளிர் பட்டால்தான் விழிக்கும். குளிரை வாங்கிக்கொள்ள வேண்டியது வேர் அல்ல, மொட்டு. அதுவும் ஒவ்வொரு மொட்டும் தனக்குத் தானே. அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியலாளர் பிரெடரிக் கோவில் (ஆளின் பெயரே அதுதான்) இதை 1920-லேயே காட்டிவிட்டார். கதகதப்பான கண்ணாடி வீட்டுக்குள் ஒரு புளூபெர்ரிச் செடியை வைத்து, ஒரு கிளையை மட்டும் சுவர் வழியாக வெளியே நீட்டிவிட்டார். குளிர்காலம் முடிந்ததும் வெளியே இருந்த கிளை துளிர்த்தது. உள்ளே இருந்த மற்ற கிளைகள், அதே வேரில் நின்றும், தூங்கிக்கொண்டே இருந்தன.

எளிய கணக்கில், பெரும்பாலான ஆப்பிள் ரகங்களுக்கு 0 முதல் 7.2 டிகிரி வரையான குளிர் 800 முதல் 1,200 மணி நேரம் வேண்டும். திருச்சியில் மார்கழி விடிகாலையிலேயே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆக உங்கள் செடியின் வரவு பூஜ்யம். நுனி மொட்டுக்குப் பக்க மொட்டைவிடக் குறைந்த குளிர் போதும். அதனால்தான் நுனியில் மட்டும் இலை.

அன்னா, டார்செட் கோல்டன் ரகங்களுக்கு 200 - 300 மணி நேரம் போதும். இமாச்சலின் பிலாஸ்பூரில் ஹரிமன் சர்மா உருவாக்கிய எச்.ஆர்.எம்.என்.-99 ரகமும் குறைந்த குளிருக்கானதே. குளிரே இல்லாத இடத்துக்கு இன்னொரு வழி உண்டு. இந்தோனேசியாவில் கிழக்கு ஜாவாவின் ‘பத்து’ (Batu) என்னும் ஊர்ப் பகுதியில், அறுவடை முடிந்து ஒரு மாதம் போல விட்டு, மரத்தின் இலை முழுவதையும் கையால் உருவி எடுத்து வருடம் இரண்டு காய்ப்பு பார்க்கிறார்கள். மொட்டு ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகுமுன், இலைதான் அதை அடக்கி வைத்திருக்கும். அந்த நேரத்தில் இலையை எடுத்தால் மொட்டு விழிக்கும். உறக்கம் பிடித்த பிறகு உருவினால் பயனில்லை. கிளை நீள்வது நின்று, இலை கரும்பச்சையாகத் தடித்த மூன்று நாலு வாரத்தில் உருவுங்கள். கிளையைப் படுக்கைவாட்டில் வளைத்துக் கட்டுங்கள். பூ வரலாம். உங்கள் ஊர் வெயிலில் காய் நிற்பதும் நிறம் ஏறுவதும் தனிப் பாடு.

பிளம்ஸ் மரத்தில் ஒரு கிளையில் காய், ஒன்றில் பூ, இன்னொன்றில் மொட்டே விரியவில்லை. இந்த வருடம் தையில் நல்ல உறைபனி விழுந்ததே, குளிர் எப்படிப் போதாமல் போகும்?
- வாசகர், வில்பட்டி, கொடைக்கானல்

உறைபனி விழுந்ததால்தான் என்றுகூடச் சொல்லலாம். 1974-ல் அமெரிக்காவின் யூட்டாவில் வகுத்த கணக்குப்படி, மொட்டுக்கு மணிக்கு ஒன்று என முழு மதிப்பெண் தருவது 2.5 முதல் 9.1 டிகிரி வரைதான். 1.4-க்குக் கீழே போனால் மதிப்பெண் இல்லை. 12.5 முதல் 16 வரை வரவுமில்லை, செலவுமில்லை. அதற்கு மேல் மணிக்கு அரை கழியும். 18-ஐத் தாண்டினால் மணிக்கு ஒன்று கழியும்.

வானம் வெளுத்த ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு பத்து மணியிலிருந்து காலை ஏழு வரை ஒன்பது மணி நேரம். அதில் மூன்று மணி நேரம் உறைநிலையை ஒட்டி என்றால் வரவு ஆறு. பகல் பதினொன்று முதல் மூன்று வரை வெயில் 20 டிகிரி என்றால் கழிவு நாலு. கையில் நிற்பது இரண்டு. மூடுபனி கவிந்து இரவு 8, பகல் 14 என்று கிடக்கும் நாளில் அந்த ஒன்பதும் அப்படியே நிற்கும். உடம்பு நடுங்குவதை வைத்து மரத்தின் குளிரை அளக்காதீர்கள்.

இந்தக் கழித்தல் முறை மிதமான குளிருள்ள ஊர்களில் கொஞ்சம் கறார். 1987-ல் இஸ்ரேலில் வந்த கணக்கு வேறு மாதிரி: குளிரில் முதலில் ஒரு இடைநிலைப் பொருள் சேரும், அதை வெயில் அழிக்கலாம், ஓர் அளவு சேர்ந்து கெட்டிப்பட்ட பங்கைப் பிறகு எந்த வெயிலாலும் அழிக்க முடியாது. கொடைக்கானல் போன்ற மலைக்கு இதுவே பொருந்தும்.

கணக்கே வேண்டாம் என்றால் குச்சியைக் கேளுங்கள். டிசம்பர் கடைசியிலிருந்து வாரம் ஒருமுறை, ஒரு சாண் நீளத்தில் பத்துக் குச்சி வெட்டி, வீட்டுக்குள் 20 டிகிரியை ஒட்டிய அறையில் தண்ணீரில் நிறுத்துங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றி, அடியைப் புதிதாகச் சீவுங்கள். மூன்று வாரத்துக்குள் பாதி மொட்டில் பச்சை நுனி தெரிந்தால் குளிர்க் கணக்கு தீர்ந்துவிட்டது. இனி மரத்துக்கு வேண்டியது வெப்பம் மட்டும். கடைசி வாரக் குச்சியும் விழிக்கவில்லையென்றால், அந்த ரகம் உங்கள் தோட்டத்து உயரத்துக்கு ஆகாது. மேல்கிளையில் குறைந்த குளிர் ரகத்தை ஒட்டுக்கட்டுவதே நான் சொல்லும் வழி.

பன்னீர் திராட்சைக்குக் கவாத்து முடித்ததும் மருந்து தொட்டு வைக்கிறோம். ஏன் சிலர் தோட்டத்தில் கொடியின் கண் (மொட்டு) கருகுகிறது?
- வாசகர், கம்பம்

நேரம் தப்பியதால். நீங்கள் தொடும் ஹைட்ரஜன் சயனமைடு கண்ணுக்கு ஒரு சின்ன அதிர்ச்சியைத் தந்து, குளிர் செய்யும் வேலையைத் தான் செய்கிறது. லிட்டருக்கு 30 மில்லி (50 சதவீத மருந்தானால் 1.5 சதவீதம்), கவாத்து முடிந்த 48 மணி நேரத்துக்குள் துணிப்பந்தால் கண்ணில் மட்டும் தொட வேண்டும். கண் பருத்து முனை வெளுத்த பிறகு தொட்டால் கருகும். கையுறை, கண்ணாடி கட்டாயம். முந்தின நாளும் பிந்தின சில நாட்களும் மது தொடக்கூடாது. இந்த மருந்து, உடம்பு சாராயத்தை முறிக்கும் வழியை அடைத்துவிடும். மயங்கி விழுந்தவர்களில் பலர் மாலையில் ‘அலுப்புத் தீர’ குடித்தவர்கள்தான்.

பங்குனியில் வேம்பு துளிர்ப்பதும் இதே குளிர்க் கணக்கா?
- வாசகர், விருதுநகர்

இல்லை. அங்கே இலையை உதிர்ப்பது வறட்சி. இலை போனபின் தண்டில் நீர் தேறுவதும் பகல் நீள்வதும் துளிரைக் கிளப்புகின்றன.

கார்த்திகையில் ஒரு கிழமை நல்ல வெயில் அடித்தும் எங்கட ஆப்பிள் மரம் அசையவில்லை. மாசியில் நாலு நாள் வெயிலுக்கே மொட்டு பருத்துவிட்டது. ஏன்?
- வாசகர், டொரண்டோ

கார்த்திகையில் குளிர்க் கணக்கு நிரம்பவில்லை. அப்போது அடிக்கும் வெயில் மொட்டுக்கு வெறும் வெளிச்சம். மாசிக்குள் குளிர் நிரம்பிவிடும். அதன் பின் 4 டிகிரிக்கு மேற்பட்ட ஒவ்வொரு மணி நேரமும் வெப்பக் கணக்கில் ஏறும். குளிர் தேவைக்கு மேல் கிடைத்திருந்தால் இன்னும் குறைந்த வெப்பமே போதும்.

மொட்டு எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவு உறைபனி தாங்காது. வெள்ளி நுனி தெரியும் நிலையில் ஆப்பிள் மொட்டு மைனஸ் 9 வரை பெரும்பாலும் தப்பும். முழுப் பூவில் மைனஸ் 2.2-ல் பத்தில் ஒன்று போகும், மைனஸ் 3.9-ல் பத்தில் ஒன்பது. 2012-ல் மார்ச் வெயிலுக்குப் பூத்து, ஏப்ரல் கடைசி உறைபனியில் ஒன்டாரியோவின் ஆப்பிள் விளைச்சலில் பெரும்பகுதி அழிந்தது இப்படித்தான். ஒற்றை மரம் என்றால், உறைபனி அறிவித்த நாளில் மதியமே அடிமண்ணை நன்றாக நனையுங்கள், அடியில் வைக்கோல் மூடாக்கு இருந்தால் விலக்கிவிடுங்கள். ஈரமண் பகல் சூட்டைப் பிடித்து இரவில் விடும். மாலையில் தரையைத் தொடும்படி கம்பளியால் மூடி, விடிந்து வெயில் ஏறியதும் எடுங்கள்.