ஸ்காப்பா ஃப்ளோவின் கப்பல்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னி தீவுகளுக்கு நடுவில் இருக்கும் ஸ்காப்பா ஃப்ளோ என்ற இயற்கைத் துறைமுகத்தில் மூழ்கிக் கிடக்கும் ஜெர்மன் போர்க்கப்பல்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். இரண்டு விஷயங்கள் உறுத்துகின்றன. அங்கேயே கிடக்கும் பிரிட்டிஷ் கப்பல் ராயல் ஓக்கை யாரும் நெருங்கக் கூடாது என்கிறீர்கள். ஜெர்மன் கப்பல்களில் மட்டும் முக்குளிக்கலாம். வென்றவனின் பிணத்துக்கு மரியாதை, தோற்றவனின் பிணம் வேடிக்கைப் பொருளா? அடுத்து, அரசே அந்தக் கப்பல்களைப் பழைய இரும்பாக விற்றிருக்கிறது. அப்படியிருக்க, போகிறவர் நினைவுக்காக ஒரு பித்தளைத் துண்டை எடுத்து வந்தால் குற்றம் என்பது பாசாங்கு அல்லவா?

கடைசியாக ஒரு சொந்தக் கேள்வி. வெதுவெதுப்பான கடல்களில் முப்பது மீட்டர் வரை முக்குளித்தவன் நான். அங்கே போக அது போதாதா? குளிரைப் பற்றி நீங்கள் கொஞ்சம் மிகைப்படுத்துவதாகத் தோன்றுகிறது.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

கோபமான கேள்விதான், ஆனால் அடிப்படையில் ஒரு தகவல் பிழை இருக்கிறது. அந்த ஜெர்மன் கப்பல்களில் பிணங்கள் இல்லை.

1918 நவம்பரில் முதல் உலகப் போர் நின்றதும் ஜெர்மன் கடற்படையின் 74 கப்பல்கள் ஸ்காப்பா ஃப்ளோவில் சிறைவைக்கப்பட்டன. மாலுமிகள் கரையில் கால்வைக்கக் கூடாது. அவர்களுக்கான உணவுகூட ஜெர்மனியிலிருந்துதான் வந்தது. 1919 ஜூன் 21 காலை, பிரிட்டிஷ் படை பயிற்சிக்காக வெளிக்கடலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ரியர் அட்மிரல் லுட்விக் ஃபான் ராய்ட்டர் சைகை கொடுத்தார். மாலுமிகள் கடல்நீர் வால்வுகளைத் திறந்துவிட்டுப் படகுகளில் இறங்கினார்கள். நண்பகல் தாண்டியதும் முதல் கப்பல் போனது. மாலை ஐந்து மணிக்குக் கடைசியாக ஹிண்டன்பர்க் என்ற கப்பல் போனபோது மொத்தம் 52 கப்பல்கள் மூழ்கியிருந்தன. அன்றைக்குப் பார்த்து ஸ்ட்ராம்னெஸ் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளைச் சிறைப்பட்ட கப்பல்களைக் காட்ட ஒரு படகில் கூட்டி வந்திருந்தார்கள். உலகத்தில் எந்தப் பள்ளிச் சுற்றுலாவும் அதற்கு ஈடாகாது.

ஒன்பது ஜெர்மானியர்கள் இறந்தார்கள் என்பது உண்மை. கப்பல்கள் சாய்வதைக் கண்டு பதறிய பிரிட்டிஷ் வீரர்கள் சுட்டதில் செத்தவர்கள் அவர்கள். மார்க்கிராஃப் கப்பலின் கேப்டன் ஷூமன் அவர்களில் ஒருவர். அவருடைய கல்லறை ஹோய் தீவின் லைனஸில், கரையில் இருக்கிறது.

ராயல் ஓக்கின் கதை வேறு. 1939 அக்டோபர் 14 அதிகாலை, எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தபோது, யு-47 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி உள்ளே நுழைந்து டார்பிடோ எய்தது. 835 பேர் இறந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பதினெட்டு வயது நிரம்பாத பையன்கள். பெரும்பாலோர் இன்னமும் அந்தக் கப்பலோடுதான் இருக்கிறார்கள். 1986ஆம் ஆண்டின் போர்ச் சிதைவுகள் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை கடற்படையின் முக்குளிப்பாளர்கள் இறங்கி, நீருக்கடியில் கொடியை மாற்றிவிட்டு வருகிறார்கள்.

ஆகவே கோடு வென்றவனுக்கும் தோற்றவனுக்கும் நடுவில் போடப்பட்டதல்ல. உள்ளே ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதுதான் கணக்கு. ஆட்களோடு மூழ்கிய ஜெர்மன் நீர்மூழ்கிகள் சிலவற்றுக்கும் அதே பிரிட்டிஷ் சட்டம் காவலாக இருக்கிறது. மறுபக்கம், ஸ்காப்பா ஃப்ளோவின் வாய்களை அடைப்பதற்காகப் பிரிட்டிஷார் தாங்களே மூழ்கடித்த வெற்றுக் கப்பல்களில் தாராளமாக முக்குளிக்கலாம். அங்கே நீரோட்டம் மட்டும் பொல்லாதது. ஓட்டம் அடங்கும் சிறு இடைவெளியில்தான் இறங்க முடியும்.

பழைய இரும்பு விஷயத்தில் நீங்கள் சொல்வது பாதி சரி. எர்னஸ்ட் காக்ஸ் என்ற இரும்பு வியாபாரி 1924இல் இந்த வேலையைத் தொடங்கினார். அதற்கு முன் அவர் ஒரு கப்பலைக்கூடத் தூக்கியதில்லை. தலைகீழாகக் கிடந்த பெருங்கப்பல்களின் ஓட்டைகளை அடைத்து, அடிப்பாகத்தில் புகைபோக்கி போன்ற நீண்ட இரும்புக் குழாய்களைப் பொருத்தி, அவற்றின் வழியே ஆட்களை உள்ளே இறக்கி, அழுத்தக் காற்றைச் செலுத்தி மிதக்கவைத்தார்கள். 1927இல் மோல்ட்கே என்ற போர்க்கப்பல் இப்படித்தான் கவிழ்ந்தபடியே மேலே வந்தது. ஒரு மனிதன் கடலடியில், தலைகீழான கப்பலுக்குள், கூரையின் மேல் நடந்து போயிருக்கிறான். இதை நினைக்கும்போது எனக்கு அந்த வியாபாரியின் மேல் கோபம் வருவதில்லை, பொறாமைதான் வருகிறது.

ஆழத்தில் கிடந்ததால் தப்பியவை ஏழு. கோனிக், மார்க்கிராஃப், க்ரோன்ப்ரின்ஸ் வில்ஹெல்ம் என்ற மூன்று பெரும் போர்க்கப்பல்கள். கோல்ன், டிரெஸ்டன், ப்ரும்மர், கார்ல்ஸ்ரூஹ என்ற நான்கு இலகு க்ரூசர்கள், அதாவது வேகமான சிறு போர்க்கப்பல்கள். இவற்றையும் பிற்காலத்தில் வெடிவைத்துப் பிளந்து உலோகம் எடுத்தார்கள். 1945க்குப் பிறகு உருக்கப்பட்ட எஃகில் அணுகுண்டுச் சோதனைகளின் கதிரியக்கத் துகள்கள் கலந்திருக்கும். எனவே நுண்ணிய கதிர்வீச்சுக் கருவிகளுக்கு இந்தப் பழைய எஃகு தேவைப்பட்டது. 2001இல் ஏழும் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாயின. வேடிக்கை என்னவென்றால், 2019இல் அவற்றில் நான்கு இணைய ஏலத்தில் விலைபோயின. ஒரு பெரும் போர்க்கப்பல் 25,500 பவுண்டு. வாங்கியவர் அனுமதியில்லாமல் ஓர் ஆணியைக்கூடப் பெயர்க்க முடியாது.

அரசு ஒரு காலத்தில் விற்றது என்பது, எஞ்சியதை நாமும் அள்ளலாம் என்பதற்கு நியாயமாகாது. 52இல் 45ஐ ஏற்கெனவே இழந்துவிட்டோம். சட்டப்படி, பிரிட்டனின் கடலிலிருந்து எந்தச் சிதைவுப் பொருளை எடுத்தாலும் 28 நாட்களுக்குள் அதற்கான அதிகாரியிடம் தெரிவித்தாக வேண்டும். சட்டத்தை விடுங்கள். கப்பலோடு பொருந்தியிருக்கும் வட்டச் சன்னல், எது மேல், எது கீழ், நாம் எந்தத் தளத்தின் பக்கம் நிற்கிறோம் என்று சொல்கிறது. வரவேற்பறையில் அது வெறும் பித்தளை. இரும்பென்றால் இன்னும் மோசம். பல பத்தாண்டுகள் உப்பேறிய இரும்பை வெளியே எடுத்து அப்படியே உலரவிட்டால், ஏடு ஏடாக உரிந்து உதிர்ந்துபோகும். உப்பை இறக்க அருங்காட்சியகங்கள் அதை ரசாயனக் கரைசலில் ஆண்டுக்கணக்கில் ஊறவைக்கின்றன. உங்கள் வீட்டில் அந்த வசதி இருக்காது என்று நினைக்கிறேன்.

இனிக் குளிர். நான் மிகைப்படுத்தவில்லை, குறைத்தே சொன்னேன். அங்கே நீரின் வெப்பநிலை குளிர்காலக் கடைசியில் ஆறேழு டிகிரி. கோடை முடிவில்கூடப் பதின்மூன்று, பதினான்கு டிகிரிதான். டிரை சூட் என்ற நீர் புகாத உடையை அணிந்தால் உடம்பு நனையாது, ஆனால் அதற்குள் இருக்கும் காற்றைக் கையாள்வது தனி வித்தை. அந்தக் காற்று கால்பக்கம் ஓடினால் தலைகீழாக மேலே இழுத்துக்கொண்டு போய்விடும். சிலிண்டரின் காற்று விரியும்போது குளிர்வதால், தகுந்த காப்பில்லாத ரெகுலேட்டரில் (சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி தரும் கருவி) பனி கட்டி, காற்று கட்டுப்பாடின்றிக் கொட்டத் தொடங்கும்.

இவை பழகக் கூடியவை. நான் அஞ்சுவது வேறொன்றை. அடியில் நீந்தும்போது உடம்பு சூடாக இருக்கிறது. ரத்தம் நன்றாக ஓடி நைட்ரஜனை உள்வாங்குகிறது. மேலேறும் வழியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அசையாமல் தொங்கும்போது குளிர் ஏறி, கைகால்களின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. நைட்ரஜன் வெளியேற வேண்டிய நேரத்தில்தான் வழி அடைபடுகிறது. தங்கிவிடும் நைட்ரஜன் உடம்புக்குள் குமிழிகளாகி வலி தரும். அதே ஆழம், அதே நேரம் என்றாலும் வெதுவெதுப்பான கடலில் ஒன்றும் ஆகாத ஆள் இங்கே மூட்டு வலியோடு, அதற்குச் சிகிச்சை தரும் அழுத்த அறைக்குப் போகலாம். மின்சூட்டு உள்ளுடை வைத்திருப்பவர்கள் சிலர் அடியிலேயே அதை முழுதாக எரியவிட்டு, மேலேறும்போது மின்கலம் தீர்ந்து நிற்பார்கள். இதைவிடத் தவறான வரிசை இருக்க முடியாது.

உங்கள் முப்பது மீட்டர் தகுதி போதாது. க்ரூசர்களில் மூன்று 35 மீட்டரை ஒட்டிக் கிடக்கின்றன, பெருங்கப்பல்கள் நாற்பதைத் தாண்டியும். முதலில் ஏதாவது ஓர் ஆழமற்ற குளிர்நீரில் டிரை சூட் பழகுங்கள், பிறகு ஆழத்துக்கான பயிற்சியை முடியுங்கள். போனால் கோடையின் பிற்பகுதியில் போங்கள். வசந்தத்தில் மிதவை உயிர்கள் பெருகி நீர் கலங்கியிருக்கும். பக்கவாட்டில் கிடக்கும் கோல்னில் தொடங்குங்கள், அதில் பீரங்கியும் கொடிமரமும் கண்ணுக்குப் புரியும். மார்க்கிராஃப் பீரங்கிகளின் எடையால் கவிழ்ந்து கிடக்கிறது. வரைபடத்தைப் படிக்காமல் இறங்குகிறவருக்கு அது முடிவில்லாத ஓர் இரும்புச் சுவர் மட்டுமே. உள்ளே மட்டும் எதிலும் நுழையாதீர்கள். தளங்கள் ஆண்டுக்கு ஆண்டு சரிந்துகொண்டிருக்கின்றன.