முதலில் யார் கடனை அடைப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சிறையிலிருந்து விடுதலையானவர்களுக்கு உதவும் ஒரு தொண்டு அமைப்பு, அவர்களுக்குப் பணத்தைக் கையாளச் சொல்லித்தர முடியுமா என்று கேட்டது. வரவு செலவுத் திட்டம், சேமிப்பு, கூட்டுவட்டி என்று படங்களோடு தயார் செய்துகொண்டு போனேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். கடைசியில் ஒருவர் எழுந்து, "வரவுன்னு ஒண்ணு இருந்தாத்தானே சார் எழுதறதுக்கு?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. வீட்டில் மனைவியோ, "தப்பே பண்ணாத ஏழைங்க எத்தனையோ பேர் இருக்காங்க, அவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாமே" என்கிறார். இந்த வேலையால் பயன் உண்டா? தொடரலாமா?

கே.எஸ்.

அன்புள்ள கே.எஸ்.,

தொடருங்கள். ஆனால் அந்த வகுப்பை நிறுத்திவிடுங்கள்.

கூட்டுவட்டி என்றால் என்ன என்பதை உடம்பால் அறிந்தவர்கள் அந்த அறையில் இருந்திருப்பார்கள். அவர்கள் உள்ளே இருந்த காலம் முழுக்க வெளியே அது ஏறிக்கொண்டே இருந்தது. வக்கீல் பீஸுக்கு வாங்கிய கைமாற்று, ஜாமீனுக்காக அடகுக்குப் போன நகை, பாதியில் நின்ற தவணை, மனு போட்டுப் பார்க்க வீட்டார் வந்துபோன செலவு. சம்பளம் கைதான அன்றே நின்றுவிடும். கடனுக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. அவர்களிடம் போய் மாத வருமானத்தில் ஒரு பங்கை எடுத்து வையுங்கள் என்றால், அந்த மனிதர் கேட்டதைத்தான் யாரும் கேட்பார்கள்.

பணம் இல்லாமையே ஒருவரை உள்ளே வைத்திருக்கும், வெளியே வந்தவரைத் திரும்பவும் உள்ளே தள்ளும். 1978-ல் நம் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பான மோதி ராம் வழக்கு உங்களுக்கு நினைவிருக்கலாம். அவர் ஒரு கொத்தனார். ஜாமீன் கிடைத்துவிட்டது. ஆனால் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் வேண்டும் என்றார் நடுவர். சகோதரர் முன்வந்தபோது, அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அதையும் ஏற்கவில்லை. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர்தான் 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் அவரை விடச் சொன்னார்.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த டேனி பியர்டனின் வழக்கு உங்கள் வேலைக்கு இன்னும் நெருக்கமானது. 500 டாலர் அபராதம், 250 டாலர் இழப்பீடு. பெற்றோரிடம் கடன் வாங்கி 200 டாலர் கட்டினார். அடுத்து வேலை போயிற்று. மீதியைக் கட்ட முடியவில்லை, சிறைக்கு அனுப்பிவிட்டார்கள். 1983-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், ஏன் கட்டவில்லை என்று விசாரிக்காமல் இப்படிச் செய்யக்கூடாது, கட்ட அவர் உண்மையாகவே முயன்றாரா என்று பார்க்க வேண்டும் என்றது. முயன்றேன் என்று வாயால் சொன்னால் போதாது அல்லவா? வேலை கேட்டுப் போன இடங்கள், தேதிகள், கட்டிய சிறுதொகைக்கான ரசீதுகள், அவகாசம் கேட்டு எழுதிய கடிதத்தின் நகல் எல்லாம் வேண்டும். தவணை தவறுவதற்கு முன்பே அந்தக் கடிதம் போய்ச் சேர வேண்டும், பிறகு அல்ல. வங்கிக்காரரான உங்களுக்கு இது கைவந்த வேலை. வரவே இல்லாதவரும் இந்தக் கோப்பை வைத்திருக்கலாம்.

எனவே அடுத்த முறை ஒவ்வொருவரோடும் தனியாக உட்காருங்கள். முடிந்தால் வீட்டில் இத்தனை நாள் பணத்தைப் பார்த்துக்கொண்டவரையும், பெரும்பாலும் அது மனைவியாகவோ தாயாகவோ இருக்கும், கூட அழைத்து வரச் சொல்லுங்கள். கணக்கு அவரிடம்தான் இருக்கிறது. யாரிடம் எவ்வளவு வாங்கினார், எந்த வட்டிக்கு வாங்கினார் என்பது விடுதலையாகி வந்தவருக்குத் தெரியாது; தெரிந்தால் தாங்கமாட்டார் என்று பாதியை மறைத்தும் வைத்திருப்பார்கள். அந்த மறைத்த பாதி வெளியே வர ஒரு மூன்றாம் மனிதர் தேவைப்படுகிறார். என்ன வழக்கு என்று மட்டும் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்டியல் வந்ததும் உண்மையான சண்டை தொடங்கும். விடுதலையானவர் முதலில் அடைக்க நினைப்பது சொந்தக்காரர்களிடம் வாங்கியதை. எந்த முகத்தோடு நாலு பேருக்கு நடுவில் போய் நிற்பது என்ற தவிப்பு அது. ஆனால் அபராதமும் நீதிமன்றம் விதித்த இழப்பீடும் தவறினால் மறுபடி உள்ளே போக நேரிடலாம். அடுத்தது குடியிருக்கும் இடம். அதற்கப்புறம் அடமானத்தில் மூழ்கப்போகும் பொருள், கந்துவட்டி. மாமனும் சித்தப்பனும் கடைசியில்தான். பொறுத்துக்கொள்ளக்கூடியவர்களுக்குக் கடைசியில் கொடுப்பது என்பது கணக்கின்படி சரி, மனசின்படி மிகக் கடினம். உறவினர் வீட்டுக்கு இந்தப் பட்டியலோடு போய், உங்களுக்கு இந்த மாதத்திலிருந்து கொடுக்கத் தொடங்குகிறேன் என்று அவரே சொல்லும்படி பழக்குங்கள். ஒளிந்து திரிபவரை விட, தேதி சொல்பவரைப் பொதுவாக யாரும் விரட்டுவதில்லை.

இன்னொன்று இதைவிட ஆபத்தானது. உள்ளே இருந்தபோது தவறிப்போன பிறந்தநாள்களையும் விசேஷங்களையும் ஒரே மாதத்தில் ஈடுகட்டப் பார்ப்பார்கள். கையில் கிடைத்த முதல் கூலியில் பிள்ளைக்குக் கைபேசி, அதுவும் தவணையில். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு ஊதாரித்தனமாகத் தெரியும். வீட்டில் இழந்த இடத்தை அவர் விலைகொடுத்துத் திரும்ப வாங்கப் பார்க்கிறார், அவ்வளவுதான். வேண்டாம் என்று தடுக்காதீர்கள். சின்னத் தொகையாக ஒன்றை ஒதுக்கி, இது பிள்ளைக்கு, இதற்குமேல் இந்த ஆண்டு இல்லை என்று பட்டியலிலேயே எழுதிவிடுங்கள். இதற்கு இடம் வைக்காத திட்டம் ஒரு மாதம்கூடத் தாங்காது.

உள்ளே செய்த வேலைக்கான கூலி முழுதாகக் கைக்கு வந்ததா என்றும் கேளுங்கள். 2015-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 103-வது விதி, கைதியின் சம்பாத்தியத்தில் ஒரு பகுதியைச் சேமித்து வைத்து விடுதலையின்போது தர வேண்டும் என்கிறது. 108-வது விதி அடையாள ஆவணங்களையும் ஊர் போய்ச் சேரப் பணத்தையும் பற்றிப் பேசுகிறது. எழுத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவில் பல சிறைகளில் விடுதலைப் பணத்தை ஒரு அட்டையில் ஏற்றிக் கொடுத்து, அதற்கும் கட்டணம் பிடித்தார்கள். அதற்காக ஜேபே நிறுவனத்தின் மீது அந்த நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2021-ல் நடவடிக்கை எடுத்தது. நம் நாட்டில் இரண்டு ஆண்டு வரவு செலவு இல்லாத வங்கிக் கணக்கு செயல்படாததாகிவிடும். அதை உயிர்ப்பிக்க என்ன காகிதம் வேண்டும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவர் பக்கத்தில் நின்று அந்தப் படிவத்தை நிரப்புங்கள். படங்கள் காட்டிய வகுப்பைவிட அந்த அரைமணி நேரம் பெரிய உதவி.

உங்கள் மனைவி கேட்டது நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்க வேண்டாம். 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள், அதாவது குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்கள். குற்றம் செய்தவர் என்றே வைத்துக்கொண்டாலும், அந்தக் கடன் பட்டியலைச் சுமந்த பெண் எந்தக் குற்றமும் செய்யவில்லை. இழப்பீடு கிடைக்க வேண்டியவர் ஒருவரும் இருக்கிறார், பியர்டன் வழக்கின் 250 டாலர் போல. தண்டிக்கப்பட்டவர் சம்பாதித்துத் திட்டமிட்டுக் கட்டினால்தான் அது அவர் கைக்கு வரும். தப்பு பண்ணாத ஏழைகளுக்கு இதே பாடத்தை உங்கள் மனைவியே நடத்த முன்வந்தால் இன்னும் நல்லது.

சில எல்லைகளை நீங்கள் போட்டுக்கொள்ள வேண்டும். அவர்கள் பணத்தை நீங்கள் வாங்கி வைக்காதீர்கள், அட்டையின் ரகசிய எண்ணைத் தெரிந்துகொள்ளாதீர்கள், எதற்கும் ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள், கடன் கொடுக்காதீர்கள். கொடுத்தால் நீங்களும் பட்டியலில் ஏறிவிடுவீர்கள். அப்புறம் அவர் உங்களைக் கண்டால் வேறு தெருவில் போவார். வழக்கு பற்றிய கேள்விகளைச் சட்ட உதவி மையத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

வகுப்பில் எழுந்து வரவைப் பற்றிக் கேட்டவரைத் தேடிப் பிடியுங்கள். சில மாதங்கள் அவரோடு உட்கார்ந்து அவருடைய பட்டியல் ஒழுங்கானபின், புதிதாக வருபவர்களோடு பேசும்போது அவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் சொல்லக் கூசுவதை அவரிடம் சொல்வார்கள். அதற்கு அந்தத் தொண்டு அமைப்பு அவருக்குச் சம்பளம் தர வேண்டும். உங்களுக்கு ஓய்வூதியம் இருக்கிறது, சேவையாகச் செய்யலாம். அவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. அடுத்த கூட்டத்தில் இந்தச் சம்பள விஷயத்தைத்தான் முதலில் எழுப்புங்கள்.