அப்பனை மாற்றினால் சரியாகுமா?

கேள்வி: டாக்டர் தம்பிக்கு, எங்கள் ஜெர்மன் ஷெப்பர்ட் போட்ட ஆண் குட்டிக்கு ஐந்து மாதம். பால் பல் விழுந்த இடத்தில் இரண்டு நாளாக ரத்தம் நிற்கவில்லை. வளவு முழுக்க ஆத்தங்குடிக் கல்லில் சொட்டுச் சொட்டாகக் கிடக்கிறது. ஊசி போட்ட இடம் எலுமிச்சை அளவு வீங்கியது. கூடப் பிறந்த இன்னொரு ஆண் குட்டி படியில் விழுந்து மறுநாளே போய்விட்டது. உண்ணிக் காய்ச்சல் இல்லை, ரத்தம் உறைய உதவும் தட்டணுவும் சரி என்கிறார்கள். தாய்க்கு ஒரு குறையும் இல்லை. அடுத்த முறை வேறு ஆண் நாயோடு சேர்க்கலாமா? பெண் குட்டிகள் இரண்டும் பள்ளத்தூர் சம்பந்தி வீட்டில் நன்றாக இருக்கின்றன.
- ஓர் ஆச்சி, தேவகோட்டை

பதில்: வேண்டாம் ஆச்சி. நீங்கள் சொல்வதெல்லாம் ஹீமோபிலியா ‘ஏ’ மாதிரி இருக்கிறது. ரத்தம் உறைய வேண்டிய எட்டாம் காரணி என்ற புரதம் குறைவாக இருக்கும் பரம்பரை நோய் அது. அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் குட்டிக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டும்தான் வரும். தாய்க்கு இரண்டு எக்ஸ். ஒன்று பழுதானாலும் மற்றது காப்பாற்றிவிடும், வெளியே தெரியாது. எந்த அப்பனைக் கொண்டுவந்தாலும் ஆண் குட்டிகளில் பாதிக்கு நோய் வர வாய்ப்பு உண்டு. பெண் குட்டிகளிலும் பாதி தாயைப் போலச் சுமக்கலாம். சம்பந்தி வீட்டுக்கு இன்றே போன் போடுங்கள். சோதிக்காமல் அவற்றை ஈனவிட வேண்டாம்.

பல வருடம் முன்பு ஓர் இளம் ஆண் நாய்க்குக் கருத்தடை செய்தேன். பல் விழுந்தபோது ரத்தம் நின்றதா என்று கேட்கவில்லை. தையல் வழியே இரவெல்லாம் கசிந்தது. இன்னொரு நாயின் ரத்தம் ஏற்றியும் விடியும்போது ஈறு வெளுத்துவிட்டது. அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. கத்தியை எடுக்குமுன் இப்போது அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன்.

ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப் போங்கள். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் ஏ.பி.டி.டி., பி.டி. என்ற இரண்டு சோதனைகளில் முதலாவது நீண்டு, இரண்டாவது சரியாக இருந்தால் எட்டாம் காரணியை அளக்கச் சொல்லுங்கள். எலி மருந்து தின்றாலும் ரத்தம் இப்படி நிற்காது, ஆனால் அப்போது பெரும்பாலும் இரண்டும் நீளும்.

அதுவரை சதையில் ஊசி வேண்டாம். ஆஸ்பிரின் கூடவே கூடாது. வீக்கத்தைக் கீறவிடாதீர்கள். கறி எலும்பு போடாமல் சோற்றைக் குழைத்து வையுங்கள். ஈறு வெளுத்தாலோ, குட்டி துவண்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை ஏற்ற வேண்டியிருக்கும். அப்புறம், முகப்புத் திண்ணை உயரம் அதிகம். குட்டி அதில் ஏறிக் குதிக்காதபடி ஒரு பலகையை வைத்து அடைத்துவிடுங்கள்.