ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேரும் மாணவருக்கு முதல் வாரம் எப்படி இருக்கும்?

அக்டோபரில் முதுநிலைப் படிப்புக்குச் சேரப்போவதாகவும், முதல் வாரம் எப்படி இருக்கும், என்ன கொண்டுபோக வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். மதுரையில் இளங்கலை முடித்துவிட்டு அங்கே வரலாற்றில் ஒரு வருட முதுநிலை படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அங்கே முதல் வாரத்துக்கு முன்னால் இன்னொரு வாரம் உண்டு. அதைப் பூஜ்ய வாரம் என்றே சொல்வார்கள். ஒரு பருவம் என்பது எட்டே வாரம்தான். அக்டோபரில் தொடங்குவதற்கு மிக்கல்மஸ் பருவம் என்று பெயர். வாரக்கணக்கு ஞாயிற்றுக்கிழமையில் ஆரம்பிக்கும். பேராசிரியர்கள் மின்னஞ்சலில் தேதி போடுவதை விட "மூன்றாம் வாரம், செவ்வாய்" என்று போடுவதுதான் அதிகம். புதியவர்கள் வந்து இறங்குவது பூஜ்ய வாரத்தில். அறிமுகக் கூட்டம், விருந்து, கட்டடம் சுற்றிக் காட்டுவது என்று அது பாட்டுக்குப் போகும். நம் ஊரில் சேர்ந்த புதிதில் வகுப்பு சரியாக நடக்காது, அந்த நினைப்பில் இருந்துவிடாதீர்கள். அடுத்த வாரமே படிக்க வேண்டிய புத்தகப் பட்டியலும் எழுத வேண்டிய கட்டுரையும் கைக்கு வந்துவிடும். வங்கி, மருத்துவர், சைக்கிள், சாப்பாடு இந்த நாலையும் பூஜ்ய வாரத்திலேயே ஒரு வழி பண்ணிவிடுங்கள். விழாக்கள் எல்லாம் உங்களைத் தேடி வரும். இந்த வேலைகள் வராது.

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து பஸ் பிடித்தால் குளஸ்டர் கிரீன் நிலையத்தில் இறக்கிவிடுவார்கள். இறங்கி "பல்கலைக்கழகம் எங்கே?" என்று யாரிடமாவது கேட்டால் சிரிப்பார்கள். ஒரு நுழைவாயில், ஒரு வளாகம் என்று எதுவும் கிடையாது. நாற்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகளும் துறைகளும் நூலகங்களும் ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. அறை, சாப்பாடு, பக்கத்து அறை ஆட்கள் எல்லாம் கல்லூரி. பாடமும் பட்டமும் பல்கலைக்கழகம். இந்தப் பிரிவினை பிடிபடாத வரைக்கும் எந்தச் சிக்கலுக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் அலைய வேண்டியிருக்கும். 1096-லேயே இங்கே பாடம் நடந்ததற்குச் சான்று இருக்கிறது என்கிறார்கள். 'நியூ காலேஜ்' என்ற பெயரோடு நிற்கும் கல்லூரி தொடங்கியது 1379-இல். இவ்வளவு காலமாக ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே வந்த ஏற்பாட்டில் ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது.

கல்லூரி வாசலில் ஒரு அறையில் போர்ட்டர்கள் இருப்பார்கள். நாம் வாட்ச்மேன் என்று நினைத்துக் கடந்துபோகக் கூடாத ஆட்கள். சாவி, தபால், பார்சல், இரவில் கதவு பூட்டிக்கொண்டு வெளியே நிற்பது, உடம்பு சரியில்லாமல் போவது எல்லாவற்றுக்கும் அவர்கள்தான். முதல் நாளே பெயர் சொல்லி அறிமுகம் ஆகிவிடுங்கள். என் அனுபவத்தில் எந்த அலுவலகத்தை விடவும் அவர்களிடம் வேலை சீக்கிரம் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை போய் இறங்குவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: இங்கிலாந்தில் பெரிய கடைகள் அன்று ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கலாம், சட்டமே அப்படி. மாலையில் போர்வை, தலையணை வாங்கப் போனால் கதவு சாத்தியிருக்கும். பல கல்லூரிகளில் மெத்தை மட்டும்தான் தருவார்கள், கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கிக் கணக்குதான் பெரிய தலைவலி. நான் போன வங்கியில் ஒரு தாளுக்காக மூன்று தரம் அலையவிட்டார்கள். பல்கலைக்கழக இணையதளத்தில் பதிவை முடித்ததும் நீங்கள் மாணவர் என்பதற்கான சான்றிதழை எடுத்துக்கொள்ளலாம். அது இல்லாமல் வங்கிப் பக்கம் போகவே வேண்டாம். கணக்கு கைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் ஒரு ஃபோரெக்ஸ் கார்டு (வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே போட்டு வைக்கும் அட்டை) அவசியம். அடுத்தது மருத்துவர். விசா எடுக்கும்போதே வருடத்துக்கு 776 பவுண்டு என்று சுகாதாரக் கட்டணம் கட்டியிருப்பீர்கள். ஆனால் உள்ளூர் மருத்துவரிடம் பெயர் பதிந்தால்தான் அது பயன்படும். ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு உள்ளூர் கிளினிக்கோடு ஏற்பாடு இருக்கும். காய்ச்சல் வந்த பிறகு படிவம் தேடாதீர்கள். வந்த புதிதில் பாதிப் பேருக்கு இருமல் வரும், அதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்.

சரி, எல்லோரும் கேட்கும் அந்தக் கல்லூரிச் சம்பிரதாய இரவு விருந்துக்கு வருவோம். கருப்பு அங்கி போட்டுக்கொண்டு நீளமான பெஞ்சில் உட்கார வேண்டும். பேராசிரியர்கள் உள்ளே வரும்போது எழுந்து நிற்க வேண்டும். யாரோ லத்தீனில் ஒரு ஜெபம் சொல்வார்கள். பிறகு மூன்று கட்டமாகச் சாப்பாடு. எந்த முள்கரண்டி எதற்கு என்று பயந்துகொண்டே போனேன். எதிரே இருந்த பையன் இங்கிலாந்திலேயே லீட்ஸ் ஊர்க்காரன், அவனோ என்னைப் பார்த்துச் செய்யலாம் என்று காத்திருந்தான்! இதுபோன்ற இடத்தில் எல்லாம் தெரிந்த மாதிரி உட்கார்ந்திருப்பவர்களில் பலருக்கு ஒன்றும் தெரியாது. வெளிப்பக்கம் இருப்பதை முதலில் எடுங்கள், போதும். சைவம் என்றால் முன்பதிவிலேயே சொல்லிவிட வேண்டும், மேஜைக்கு வந்த பிறகு கேட்டால் உருளைக்கிழங்குதான்.

எனக்கு இதையெல்லாம் விடக் கஷ்டமாக இருந்தது வேறொன்று. என் மேற்பார்வையாளர் அறுபது வயதுக்கு மேற்பட்டவர், புத்தகங்கள் எழுதியவர். முதல் மின்னஞ்சலிலேயே வெறும் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டிருந்தார். அப்படியென்றால் நாமும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். நமக்கு 'சார்' இல்லாமல் வாய் வருமா? வாரக்கணக்கில் அவரை எதுவுமே சொல்லிக் கூப்பிடாமல் சமாளித்தேன். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆனால் அவர் சொல்வதை மறுத்துப் பேசாமல் தலையாட்டிக்கொண்டிருந்ததை நன்றாகக் கவனித்தார். "நீ என்ன நினைக்கிறாய்?" என்று நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். ஒருவர், இருவராக உட்காரவைத்துப் பாடம் நடத்தும் ஊரில் ஒளிந்துகொள்ள முடியாது. படிக்காமல் போனால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நூலக உறுதிமொழியில் கையெழுத்துப் போடுவது எனக்குப் பிடித்த சடங்கு. 1602-இல் திறந்த போட்லியன் நூலகம் அது. உள்ளே நெருப்பைக் கொண்டுவர மாட்டேன், மூட்ட மாட்டேன், புகைக்க மாட்டேன் என்றெல்லாம் அதில் வரும். போட்லியனின் முதன்மை நூலகத்தில் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது, அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். 1645-இல் மன்னர் முதலாம் சார்லஸ் ஒரு புத்தகம் இரவல் கேட்டதற்கே மறுத்துவிட்டார்கள். பிறகு நாட்டை ஆண்ட கிராம்வெல்லுக்கும் அதே பதில். இந்த விதியின் நன்மை என்னவென்றால், நீங்கள் தேடும் புத்தகம் பெரும்பாலும் இருக்கும்.

பல்கலைக்கழகத்தில் முறைப்படி சேர்த்துக்கொள்ளும் மெட்ரிகுலேஷன் விழா முதல் வாரச் சனிக்கிழமை நடக்கும். கருப்பு உடை, வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை அல்லது ரிப்பன், மேலே அங்கி, கையில் தொப்பி. ஊர்வலமாக ஷெல்டோனியன் அரங்குக்குப் போவோம். கிறிஸ்டோபர் ரென் வடிவமைத்து 1669-இல் முடிந்த கட்டடம். உள்ளே துணைவேந்தர் லத்தீனில் சில வரி சொல்வார், கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். போட்டோ எடுக்கத்தான் மணிக்கணக்காகும். தேர்வுக்கும் இந்த உடை கட்டாயம் என்பது வேண்டாம் என்று பேச்சு எழுந்து 2015-இல் மாணவர்களிடம் வாக்கெடுப்பு வைத்தார்கள். இருக்கட்டும் என்றே பெரும்பான்மையினர் சொன்னார்கள். அங்கியைப் புதிதாக வாங்காமல் சீனியர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

மாணவர் மன்றங்கள் ஆள் சேர்க்கும் திருவிழா ஒன்று நடக்கும். கண்ட காகிதத்திலும் மின்னஞ்சல் முகவரியை எழுதிக் கொடுத்தால் வருடம் முழுக்க அழித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். குறிப்பாக ஆக்ஸ்ஃபோர்டு யூனியன். 1823-இல் தொடங்கிய விவாத மன்றம், பெரிய பெரிய ஆட்கள் வந்து பேசுகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அது மாணவர் சங்கம் இல்லை, தனி அமைப்பு. உறுப்பினர் கட்டணமும் கொஞ்சநஞ்சமில்லை. சலுகை முடியப்போகிறது என்று அவசரப்படுத்துவார்கள். கையில் கல்விக்கடன் பணம்தான் என்றால் தைரியமாகத் தள்ளிப் போடுங்கள்.

நண்பர்கள் எனக்குக் கிடைத்தது விருந்துகளில் இல்லை, பொதுச் சமையலறையில். மிளகாய் தாளித்ததில் தீ எச்சரிக்கை மணி அடித்து மொத்தக் கட்டடமும் வாசலுக்கு வந்தது, அப்புறம் என்னைத் தெரியாதவர்கள் இல்லை.

ஒரு மாலை வால்டன் தெருப் பக்கம் நேரம் கிடைத்தால் செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வாருங்கள். ஜி.யு. போப் அங்கேதான் இருக்கிறார். திருக்குறளை 1886-இல் ஆங்கிலத்தில் தந்தவர், இந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர், 1908-இல் இறந்தார். கல்லறையில் 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று எழுதியிருப்பதாக நம் மேடைகளில் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. அந்த வரி அங்கே இல்லை. குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்த கல் என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. எனக்கென்னவோ அதுவே போதுமானதாகப் பட்டது.

கொண்டுபோக வேண்டியவை: கருப்பு ஷூ, நல்ல மழைக்கோட்டு (குடை காற்றில் திரும்பிக்கொள்ளும்), அந்த ஊர்ச் சதுர முள் பிளக்குக்கான அடாப்டர், சின்ன குக்கர், இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல். நெய், பால்கோவா, மாமிச ஊறுகாய் வேண்டாம். இந்தியாவிலிருந்து பால், இறைச்சிப் பொருட்கள் கொண்டுவர அனுமதி இல்லை. சான்றிதழ் இல்லாத பச்சைக் கறிவேப்பிலைக்கும் அதே கதிதான். அரிசி, பருப்பெல்லாம் கௌலி ரோட்டில் கிடைக்கும், அதற்காகப் பெட்டியில் இடத்தை அடைக்காதீர்கள்.