கணவருக்கு ஜீவனாம்சமா?

கேள்வி: நான் செவிலியர். மாதச் சம்பளம் 72,000. கணவரின் செல்போன் கடை கொரோனாவில் மூடியது. அதிலிருந்து வீட்டில்தான் இருக்கிறார். அக்கம்பக்கத்தாருக்கு போன் ரிப்பேர் செய்து கொடுப்பார். எனக்கு நைட் டியூட்டி என்றால் மகளுக்குத் தலை பின்னிப் பள்ளியில் விடுவதும் அவர்தான். இப்போது விவாகரத்துக்குப் போகிறோம். ஜீவனாம்சம் கேட்கிறார், இருவர் பெயரிலும் உள்ள வீட்டில் பாதியும் கேட்கிறார். வீட்டுக் கடன் கட்டியது முழுக்க நான். சம்பளம் ஏறும் மெசேஜ்கூட அவர் போனுக்குத்தான் போகிறது. ‘கேட்டதைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இரு’ என்கிறார் அம்மா. ஆம்பளைக்கு ஜீவனாம்சம் உண்டா?
- வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: உண்டு. 1955-ம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 24, 25-வது பிரிவுகளின்படி கணவன், மனைவி யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் கேட்பது வேறு, கிடைப்பது வேறு. பிழைப்புக்குப் போதிய வருமானம் தனக்கு இல்லை என்று அவர் காட்ட வேண்டும். உடம்பில் தெம்பும் கையில் தொழிலும் இருந்து வேண்டுமென்றே சும்மா இருப்பவருக்கு நீதிமன்றம் சுலபத்தில் இரங்காது. வருமானம், சொத்து, கடன் விவரங்களை இரு தரப்பும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020-ல் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரிப்பேர் காசும் அதில் வந்தாக வேண்டும்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். மகளுக்குத் தலை பின்னியதும் வேலைதான். இதையே ஒரு பெண் செய்து, ‘சும்மா வீட்டில் இருந்தாள்’ என்று கணவன் எழுதியிருந்தால் இந்தப் பக்கத்தில் அவரை விட்டிருக்க மாட்டேன். அவர் மறுபடி கடை போட்டு நிற்கும்வரை ஒரு தொகை கொடுக்கும்படி ஆனால் அதில் உங்களுக்கு எந்த அவமானமும் இல்லை.

வீட்டுக் கதை வேறு. இந்தச் சட்டத்தில், விவாகரத்து ஆனதும் வீடு தானாகப் பாதி பாதி ஆகிவிடாது. பத்திரத்தில் பெயர் இருப்பது அவர் பக்கத்து வாதம். பணம் உங்களுடையது என்பது உங்கள் வாதம். அதற்குக் காகிதம் வேண்டும். முன்பணம் கொடுத்த ரசீது, கடன் கணக்கு, தவணை பிடித்த பாஸ்புக் எல்லாவற்றையும் இன்றே தேடி எடுங்கள். கடனில் இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தால், விவாகரத்து ஆனாலும் வங்கி இருவரையும்தான் கேட்கும். தன் பங்கை விட்டுக்கொடுக்க அவர் சம்மதித்தால் வாய்ப்பேச்சோடு விடாமல் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். அப்புறம், நகை. உங்களுக்குப் போட்ட சீதன நகை மாமியார் பீரோவில் இருந்தாலும் அது உங்களுடையதுதான். 1985-ல் பிரதிபா ராணி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது.

அம்மா பாசத்தில் சொல்கிறார். ஆனால் ‘விட்டால் போதும்’ என்று பரஸ்பர சம்மத மனுவில் வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு அதை மீட்பது பெரும்பாடு. மகளின் படிப்புச் செலவில் அவர் பங்கு என்ன என்பதும் அந்த மனுவில் இருக்க வேண்டும். உங்கள் வக்கீல் வரிக்கு வரி படித்துக் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னால், நாளைக் காலையில் டியூட்டி முடிந்ததும் நேராக வங்கிக்குப் போய் அந்த போன் நம்பரை மாற்றுங்கள்.